வன்னியில் வாகனம் இடக்குப் பண்ணினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

இலங்கையின் வடக்கே, வன்னியில் இன்றைக்கும் நம்பி ஓடுவது பழைய வாகனங்களைத்தான். டொல்பின் வான் என்கிற பழைய ரொயோற்றா ஹையேஸ், பட்டா என்கிற டாடா ஏஸ் சின்ன லொறி, கன்ரர், எல்ப் லொறி, பழைய கொறோலா. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் விலை ஏறிய ஏற்றத்தில், இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லீவு நாளில் முற்றத்து வேம்பின் கீழ் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜ்காரரின் வேலையைப் பறிக்க அல்ல. எதை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டும், எதற்குப் போகவே தேவையில்லை என்று தெரிந்துகொள்ள.

இங்கே வாகனத்தைக் கெடுப்பவை தெரிந்தவைதான். கோடையில் கிரவல் வீதித் தூசி. மாரியில் சேறும் வெள்ளமும். வருடம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு. ஆனையிறவு, பூநகரிப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். ஆகவே ஒரு பிழை வந்தால் நான் முதலில் கேட்கிற கேள்விகள் இரண்டு: இப்போது என்ன பருவம்? வாகனம் கடைசியாக எங்கே போய் வந்தது? அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவது. காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். அளக்கக்கூடியதை அடுத்துப் பாருங்கள். சாமான் மாற்றுவது கடைசி.

கையில் வேண்டியவை அதிகம் இல்லை. 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர்கள், மலிவான ஒரு மல்ரிமீற்றர், இரண்டு வயர் பூட்டிய 12 வோல்ற் பல்பு, ரோச் லைற், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்ரிக் ஹோஸ் (கண்ணாடி ஹோஸ்) ஒரு துண்டு, போத்தலில் நல்ல தண்ணீர். ஜக்கில் மட்டும் நிற்கிற வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். கட்டையோ ஸ்ராண்டோ வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும்

முன் லைற்றைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்புங்கள். லைற் மங்கி அணையப் பார்த்தால் பிழை பற்றறியில் அல்லது பற்றறிக் கம்பிகளில். லைற் மங்காமல் அப்படியே நின்றால் மின்சாரம் ஸ்ராட்டருக்குப் போகவில்லை. ஸ்ராட்டரின் சின்ன வயர், றிலே, ஓட்டோமற்றிக் வண்டி என்றால் கியர்த் தடியின் சுவிச் ஆகியவற்றைப் பாருங்கள். ஓட்டோமற்றிக்கில் ‘பி’யில் பிடிக்காத வண்டி ‘என்’னில் போட்டால் பிடிப்பது உண்டு. பிடித்தால் பிழை அந்தச் சுவிச்சில்தான்.

பற்றறியை அளப்பது சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ற் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. ஸ்ராட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் டைனமோ சரி. 13க்குக் கீழே நின்றால் பெல்ற்றைப் பாருங்கள், பிறகு டைனமோவின் காபன் பிறஷ்ஷைப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் போய்விட்டது. அப்படியே ஓடினால் புதுப் பற்றறியும் கொதித்துச் சாகும்.

பற்றறி சரியாக இருந்தும் ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் ஏர்த் வயரைச் சந்தேகியுங்கள். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மைனஸ் தூணில் வையுங்கள். கம்பி கவ்வுகிற கிளிப்பில் அல்ல, ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும். மறுமுனையை எஞ்சின் புளொக்கில் துரு இல்லாத இடத்தில் அழுத்துங்கள். யாராவது திறப்பைத் திருப்பட்டும். மீற்றர் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. எஞ்சினையும் சசியையும் இணைக்கிற பின்னல் கம்பியைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெளியே பழுப்பாக இருக்கும். உள்ளே பச்சைப் பொடியாக உதிரும். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் நாலைந்து மட்டும் மிச்சம் நிற்கும். பூநகரிக் கரையோரம் ஓடுகிற வண்டிகளில் இது நிறைய. இந்தக் கம்பியைப் பார்க்காமல் முழு ஸ்ராட்டரையே மாற்றிக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். புது ஸ்ராட்டரும் பழையதைப் போலவே இழுத்தது.

பற்றறித் தூணில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால் கழற்றி, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும். பிறகு தேய்த்துப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

டீசல் வண்டி என்றால் இந்த நேரம் சைலன்சரைப் பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். பாதிப் பதில் அங்கே கிடைக்கும். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. இரண்டும் வேறு வேறு வழி.

வெள்ளைப் புகை என்றால் ஹீற்றர் பிளக். நமக்கு என்ன குளிர் என்று நினைக்க வேண்டாம். டொல்பின் வானில் இருக்கிற 2எல், 3எல் எஞ்சின்களும் பட்டாவின் 702 சிசி இரண்டு சிலிண்டர் எஞ்சினும் டீசலை நேராக சிலிண்டருக்குள் அடிக்காமல் பக்கத்து அறையில் அடிக்கிற வகை. அந்த அறையைச் சூடாக்குவதுதான் ஹீற்றர் பிளக்கின் வேலை. அறை குளிர்ந்து கிடந்தால் பிடிக்காது. மார்கழி விடியப்புறம் போதும் அதற்கு. பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு, டெஸ்ற் பல்பின் ஒரு வயரைப் பற்றறியின் பிளஸ்ஸில் பிடித்து, மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிந்தால் அந்தப் பிளக்கின் சுருள் அறவில்லை. எரியாதது செத்தது. எல்லாமே நல்லதென்றால் தகட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று றிலேயைப் பாருங்கள். நாலில் ஒன்று போனாலே காலையில் நடுங்கிக்கொண்டு பிடிக்கும். இரண்டு போனால் பிடிக்க மறுக்கும்.

புகையே இல்லை என்றால் முதலில் டீசல் பம்பின் பின்பக்கம் இருக்கிற, டீசலைத் திறந்து மூடுகிற மின் வால்வான ஸ்ரொப் சொலினொயிட்டின் வயரைப் பாருங்கள். திறப்பைப் போட்டதும் அதில் 12 வோல்ற் வர வேண்டும், ‘டக்’ என்று மெல்லிய சத்தமும் கேட்க வேண்டும். கிரவல் வீதிக் குலுக்கலில் கழன்று தொங்குவது அந்த ஒரு வயர்தான். அது சரி என்றால் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது பில்ரர் அடைத்திருக்கிறது.

காற்று எடுப்பது இப்படி. டீசல் பில்ரரின் தலையில் இருக்கிற கைப்பம்பை அழுத்துங்கள். கை இறுகும் வரை அழுத்த வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று போனால் டாங்கிக்கும் பில்ரருக்கும் இடையில் காற்று இழுக்கிறது. பிறகு பில்ரரில் இருந்து பம்புக்குப் போகிற பக்கத்து ஸ்குறூவை அரைச் சுற்றுத் தளர்த்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும் வரை பம்புங்கள். இறுக்குங்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் நொசிலுக்குப் போகிற இரும்புக் குழாய்களின் நட்டுகளை நொசில் பக்கத்தில் அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் கசியும் வரை ஸ்ராட்டரைச் சுற்றி, மறுபடி இறுக்குங்கள். அந்த நேரம் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் சின்னக் காயமாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

இரவு நின்றால் காலையில் பிடிக்காது, பகலில் எத்தனை தரம் நிறுத்தினாலும் பிடிக்கும் என்றால், எங்கோ டீசல் திரும்பி டாங்கிக்கு இறங்குகிறது. பில்ரருக்கு முன்னால் கண்ணாடி ஹோஸ் துண்டை இடையில் பூட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். டாங்கிப் பக்க றபர் ஹோஸ், வெயிலில் காய்ந்து கிளிப்புக்குக் கீழே மயிர்க்கீறல் விட்டிருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும், ஏனென்றால் அந்த ஹோஸில் இருப்பது இழுவை.

மாரி காலத்தில் தண்ணீர் இன்னொன்று. கானில் வாங்கி ஊற்றிய டீசலிலும், பாதி டாங்கியோடு நாள்கணக்கில் நிற்கிற வண்டியிலும் தண்ணீர் சேரும். பில்ரரின் அடியில் இருக்கிற ஸ்குறூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டீசல் பம்புக்கு டீசலேதான் ஒயில். தண்ணீர் போனால் அந்தப் பம்பைத் திருத்துகிற காசுக்குப் பல வருடம் பில்ரர் வாங்கலாம். எனக்குத் தெரிந்து இங்கே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இந்தச் சின்ன ஸ்குறூதான்.

பெற்றோல் வண்டியில் கதை சுருக்கம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. வெள்ளம் கடந்த பிறகு நின்ற பழைய கார் என்றால் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி உள்ளே துணியால் துடைத்தாலே பெரும்பாலும் பிடித்துவிடும். இன்னொன்று: ஒயில் அளவுக் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். ஒயிலின் அளவு ஏறியிருந்து பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மணத்தால், எரிபொருள் ஒயிலில் கலக்கிறது. போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலத்தில் காபறேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டுப் பிடிக்கவைத்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது. அந்த வண்டிகளின் ஒயில் மெலிந்து பெயறிங் தேய்ந்ததைப் பார்த்த மெக்கானிக்மார், இன்றைக்கும் எந்த வண்டியைக் கண்டாலும் முதலில் அந்தக் கம்பியைத்தான் இழுத்து மணப்பார்கள்.

சூடு ஏறுகிறது

ஒரு எஞ்சினை முழுதாகத் தின்றுவிடக்கூடிய பிழை இது. ஊசி சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்துங்கள். ஏசி ஓடினால் நிறுத்துங்கள். றேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். அரை மணித்தியாலமாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி, அது தளர்ந்த பிறகு தடித்த துணியைப் போட்டு மெல்லத் திறவுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

எப்போது சூடேறுகிறது என்பதுதான் கேள்வி. நின்ற இடத்தில் அல்லது மெல்ல ஓடும்போது ஏறி, ஏ9 வீதியில் வேகம் பிடித்ததும் இறங்கினால் பேன் சரியில்லை. பழைய வான்களில் பேனின் நடுவில் ஒயில் நிறைந்த கப்ளிங் இருக்கும். சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேனைக் கையால் சுற்றிவிடுங்கள். தடுத்து நிற்க வேண்டும். பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே போனால் கப்ளிங் போய்விட்டது. எதிர்மாறாக, ஊருக்குள் சரி, மாங்குளத்தில் இருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடினால்தான் ஏறுகிறது என்றால் றேடியேற்றரில் தண்ணீரோ காற்றோ ஓடவில்லை.

காற்றை முதலில் பாருங்கள், காசு இல்லாத வேலை. பெரும்போக அறுவடை நடக்கிற மாசி, பங்குனியில் விசுவமடு, தருமபுரம் பக்கம் ஓடுகிற வண்டியின் றேடியேற்றரை ரோச் அடித்துப் பாருங்கள். பதரும் வைக்கோல் தூளும் செதில்களுக்குள் போய், அதன் மேல் தூசி ஒட்டி, மண் சுவராகவே நிற்கும். ஏசி இருக்கிற வண்டியில் ஏசியின் கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில்தான் அதிகம் அடையும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். பிறஷர் வோஷரை நேராகப் பிடித்தால் செதில் மடியும், பிறகு காற்று ஒருபோதும் போகாது.

அடுத்தது தண்ணீர். வன்னியில் நிறைய இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளும் எஞ்சின் புளொக்குக்குள்ளும் படிகிறது. கேத்தலைச் சுரண்டலாம், புளொக்கைச் சுரண்ட முடியாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து குழாய் வாய்களுக்கு ரோச் அடியுங்கள். வாய்களின் ஓரத்தில் வெள்ளையோ மஞ்சளோ ஆகப் பொருக்குக் கட்டியிருந்தால் உள்ளே நிலைமை அதைவிட மோசம். றேடியேற்றர்க் கடையில் கழற்றித் தடி விட்டுத் துப்புரவாக்க வேண்டும்.

ஆகவே கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுவதை நிறுத்துங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். டிஸ்ரில் வோட்டர் நல்லது. அது கட்டுப்படாது என்றால் மழைத் தண்ணீர் இருக்கிறது. முதல் மழைகள் கூரையைக் கழுவிவிட்ட பிறகு, சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, வடித்துக் கானில் வையுங்கள். அதோடு கூலன்ற் கலக்க வேண்டும். நமக்கு உறைகிற குளிர் இல்லையே, கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுப்பதும், தண்ணீர்ப் பம்பின் சீலைக் காப்பதும், கொதிநிலையைக் கூட்டுவதும் அதுதான். அடைத்து விற்கிற கூலன்றில் நேராக ஊற்றுவதும் இருக்கிறது, தண்ணீர் கலப்பதும் இருக்கிறது. லேபிளை வாசித்து ஊற்றுங்கள்.

மூடியையும் மறக்க வேண்டாம். அதில் 0.9 என்று எழுதியிருந்தால், அந்த அழுத்தம் தாங்கும் மட்டும் தண்ணீர் ஏறத்தாழ 119 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் றபர் வெடித்துவிட்டால் 100இலேயே கொதித்துச் சின்னத் தாங்கி வழியாக வெளியே தள்ளும். சூடு ஏறுகிற வண்டிக்கு முதலில் வாங்கக்கூடிய மலிவான சாமான் இந்த மூடி.

எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் தடுக்கிற வால்வான தேர்மோஸ்ராட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஞ்சின் சூடேறாமலே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு குறைவதற்குப் பதில் கூடும். சந்தேகம் என்றால் கழற்றி, சட்டியில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். 82 என்று அடித்திருந்தால் தண்ணீர் கொதிக்க முன்னமே வாய் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது பூட்டுங்கள்.

எங்கும் ஒழுக்கு இல்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் அடைக்கிற ஹெட் காஸ்கற்றைப் பார்க்கிற நேரம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, பிடிக்கவையுங்கள். பிடித்த உடனேயே விடாமல் குமிழி வந்தாலோ, மூடி போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினாலோ, சிலிண்டர்க் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ஒயில் மூடியின் உட்பக்கமும் ஒயில் கம்பியும் பால்த் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஒயிலுக்குள் போய்விட்டது. அதற்கு மேல் ஒரு கிலோமீற்றரும் ஓடக்கூடாது. கட்டியிழுத்துக்கொண்டு போங்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் வளைவு பார்க்காமல் பூட்ட விடாதீர்கள்.

புகை

கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாகப் போகிறது. கோடையில் எயர் பில்ரர்தான் முதல் சந்தேகம். பில்ரரைக் கழற்றிய பிறகு, அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகிற குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் செந்தூசி ஒட்டினால் பில்ரரைத் தாண்டித் தூசி போகிறது. பெட்டியின் கிளிப் இறுகவில்லை, அல்லது ஹோஸ் கிழிந்திருக்கிறது. அந்த எஞ்சின் கிரவலை அரைத்துக்கொண்டிருக்கிறது, அன்றைக்கே அடையுங்கள். பில்ரருக்குக் காற்று அடிப்பதென்றால் உட்பக்கமிருந்து வெளியே, மெல்ல. வெளியேயிருந்து அடித்தால் தூசி தாளுக்குள் புதையும்.

நீலம் என்றால் ஒயில் எரிகிறது. காலையில் பிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் வந்து நின்றால் வால்வ் சீல், அவசரமில்லை. ஓடும்போது விடாமல் வந்தால் பிஸ்ரன் றிங். எஞ்சின் சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகையில் இனிப்பு மணம் இருந்தால் மேலே சொன்ன காஸ்கற்றுக்குத் திரும்புங்கள்.

பிறேக்

தண்ணீருக்குள்ளால் வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் டிறம்முக்குள் தண்ணீர். மெல்ல ஓடிக்கொண்டே காலை இலேசாக வைத்துச் சூடாக்கிக் காயவையுங்கள். பிறகு ஒருநாள் டிறம்மைக் கழற்றி உள்ளே இருக்கிற சேற்றைத் தட்ட வேண்டும்.

பெடல் பஞ்சு மாதிரி இறங்கி, இரண்டு மூன்று தரம் அடித்தால் உயர்ந்தால் காற்று இருக்கிறது, அல்லது லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. நிறுத்திய வண்டியில் பெடலில் காலை வைத்திருக்க அது மெதுவாகத் தரைக்கு இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டர். இந்த வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது வண்டி பாரமாக ஓடுகிறது என்றால் நல்ல பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஏ9இல் போகிற எல்லோரும் முறிகண்டியில் நிற்பார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புகிற நேரம், நாலு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சூடு தெரிந்தால் போதும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் தகித்தால் அந்தச் சில்லில் பிறேக் விடுபடவில்லை, அல்லது பெயறிங் போகிறது. ஜக்கில் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரியும்: இறுகிச் சுற்றினால் பிறேக், கரகரத்தால் பெயறிங்.

பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். மூடியில் டொட் 3 என்றால் டொட் 3 அல்லது 4. எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்றக்கூடாது, றபர் எல்லாம் ஊதிப் போகும்.

ஸ்ரியறிங் நடுங்குகிறது

மாரியில், குறித்த ஒரு வேகத்தில், நேற்றுவரை இல்லாமல் திடீரென்று வந்ததா? வீல் பலன்ஸுக்குக் காசு கொடுக்க முதல் சில்லின் உட்பக்கத்தைப் பாருங்கள். துணுக்காய், மல்லாவிப் பக்கத்து வயல்பாதையில் ஓடிய வண்டியின் றிம்முக்குள் களிமண் ஒரு பக்கமாகக் காய்ந்து, உள்ளங்கை அளவில் கட்டியாக ஒட்டியிருக்கும். மரத்துண்டால் சுரண்டிக் கழுவினால் நடுக்கம் போய்விடும். போகவில்லை என்றால் ரயரின் உட்சுவரில் வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவுங்கள். கிடங்கில் விழுந்த ரயரில் வரும். வீக்கம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். எல்லா வேகத்திலும் ஸ்ரியறிங் தொளதொளவென்றால் ரை றொட் மூட்டுகள்.

சத்தங்கள்

பிடித்தவுடன் கீச்சிட்டு நின்றால் பெல்ற். வேகத்தோடு கூடுகிற உறுமல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது குறைந்தால் சில்லுப் பெயறிங். கிளச்சை விடும்போது அடியில் ‘டொக்’ என்றால் புறொப்பெல்லர் சாவ்ற்றின் ஜொயின்ற். கிளச்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் போனால் கிளச் பெயறிங். கிரவலில் மட்டும் அடிக்கிற சத்தம் என்றால் பின் ஸ்பிரிங் தகடுகளைக் கட்டியிருக்கிற யூ போல்ற்றுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். கிரவல் அலை அவற்றைத் தளர்த்தும். பிறகு நடுப் போல்ற் அறுந்து அச்சு பின்வாங்கும்.

வால்வுகளைப் பிஸ்ரன்களோடு ஒத்து ஓடவைக்கிற டைமிங் பெல்ற்றுக்குச் சத்தம் இல்லை. அதுதான் ஆபத்து. 2எல், 3எல் எஞ்சின்களில் 100,000 கிலோமீற்றருக்கு டாஷில் ஒரு லைற் எரியும். வாங்கிய வண்டியில் அந்த லைற்றின் பல்பையே யாரோ கழற்றியிருக்கலாம். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் அடிக்கும்.

லைற்றுகள் தாறுமாறாக எரிகின்றன

பிறேக் பிடித்தால் சிக்னலும் சேர்ந்து மினுங்கினால் அந்தப் பின் லைற்றின் ஏர்த். சிக்னல் வேகமாக அடித்தால் ஒரு பல்பு போய்விட்டது. பியூஸ் அடிக்கடி போனால் எங்கோ வயர் உரசுகிறது. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி என்றால் எலி கடித்திருக்கும், இருக்கைக்குக் கீழே பாருங்கள். பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதை நான் கண்ட இடத்திலேயே கழற்றச் சொல்வேன். வயர் எரிந்தால் வண்டியே எரியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, வடிந்ததும் வண்டியைப் பிடிக்கவைத்துப் பார்த்து எஞ்சினை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்க ஸ்ராட்டர் சுற்றினால் கொனெக்ரிங் றொட் வளையும்.

முதலில் பற்றறியின் மைனஸைக் கழற்றுங்கள். எயர் பில்ரரைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பியது. நனைந்திருந்தால் ஹீற்றர் பிளக்குகளை, பெற்றோல் வண்டி என்றால் பிளக்குகளை முழுதாகக் கழற்றி, எஞ்சினைக் கையால், முன் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தண்ணீர் துவாரங்களால் வரும். பிறகுதான் பற்றறியைப் பூட்டி, பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி மிச்சத்தைத் தள்ளுங்கள். ஒயிலையும் பில்ரரையும் மாற்றி, டீசல் டாங்கியின் அடித் தண்ணீரையும் இறக்கிய பிறகு பிடிக்கவையுங்கள்.

எஞ்சின் தப்பியதோடு வேலை முடியவில்லை. கியர்ப் பெட்டிக்கும் பின் டிபறென்சியலுக்கும் மேலே மூச்சுவிடுகிற சின்னக் குழாய் இருக்கிறது. சூடான இரும்பு திடீரென்று தண்ணீரில் நிற்கும்போது அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். டிபறென்சியலின் அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும், பின்னால் சாம்பல் நிறத்தில் கலங்கிய ஒயில். முழுதாக இறக்கிப் புதிது ஊற்றி, ஒரு கிழமை ஓடிய பிறகு அதே நட்டைத் தளர்த்தி இன்னொரு தரம் பாருங்கள். இன்னும் கலங்கலாக வந்தால் மறுபடியும் மாற்ற வேண்டும்.